பைராடாவின் பாகா ஒயின்: எந்தச் சாப்பாட்டோடு, எப்படிக் குடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகல் ஒயின் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது இனிப்பான போர்ட். இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. அதே நாட்டின் பைராடா வட்டாரத்தில், பாகா என்ற கறுப்புத் திராட்சையில் செய்யும் இனிப்பில்லாத ரெட் ஒயினைப் பற்றி. முதல்முறை குடித்தவர்களில் பாதிப் பேர் "வாயெல்லாம் இழுக்கிறதே" என்று முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அதை வெறும் வயிற்றில், சாப்பாடு இல்லாமல் குடித்தவர்களாக இருப்பார்கள். பாகாவைத் தனியாகக் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். கொழுப்புள்ள கறி ஒரு வாய், ஒயின் ஒரு மிடறு என்று மாறி மாறிப் போகும்போதுதான் அதன் குணம் தெரியும். கீழே உள்ள கேள்விகள் நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை.

பைராடா எங்கே இருக்கிறது?

போர்ச்சுகலின் நடுப்பகுதியில், அட்லான்டிக் கடலோரத்தை ஒட்டி. வடக்கே அவெய்ரோ, தெற்கே பல்கலைக்கழக நகரமான கொயிம்ப்ரா. கிழக்கே புசாக்கோ, கரமூலு மலைகள். இடையில் அனாடியா, மியல்யாடா, கன்டன்யேடு போன்ற சிறு ஊர்கள். மேட்டு நிலம் அதிகமில்லை. மண் பெரும்பாலும் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்தது, சில இடங்களில் மணல். கடல் பக்கத்திலேயே இருப்பதால் மழை நிறைய, வெயில் மிதமாகத்தான் அடிக்கும். தெற்கே அலென்டேஜோவில் திராட்சை வெயிலில் வெந்து இனிப்பு ஏறிவிடும், இங்கே அப்படி நடக்காது. ஒயினில் இருக்கும் அந்தக் கூர்மையான புளிப்புக்குக் காரணம் இந்தக் கடல் காற்றுதான்.

சட்டப்படி தனி ஒயின் வட்டாரமாக பைராடா அங்கீகரிக்கப்பட்டது 1979இல்.

பாகா எப்படிப்பட்ட திராட்சை?

சிறிய பழம், தடித்த தோல், நெருக்கமான கொத்து. நன்றாகக் காய்க்கும், ஆனால் தாமதமாகத்தான் பழுக்கும். விவசாயிக்கு இதில்தான் தலைவலி. செப்டம்பர் கடைசியில், அக்டோபர் தொடக்கத்தில் பழம் பக்குவத்துக்கு வரும் நேரத்தில்தான் கடலிலிருந்து மழையும் வரும். கொத்து நெருக்கமாக இருப்பதால் ஈரம் உள்ளே தங்கி அழுகல் பிடிக்கும். மழைக்குப் பயந்து முன்னாலேயே பறித்தால் காய்த்தன்மை போகாத, கடுமையான ஒயின்தான் கிடைக்கும். காத்திருந்து, மழையும் தப்பிவிட்டால் அபாரமான ஒயின். அதனால் பாகாவில் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

தோல் தடிமனும் பழம் சிறிதுமாக இருப்பதால், சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு அதிகம். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருபவை. இளம் பாகா அடர்ந்த கருஞ்சிவப்பாக இருக்கும். செர்ரி, புளிப்பான பிளம், கொஞ்சம் மூலிகை வாசனை. வயதாக ஆக புகையிலை, காய்ந்த இலை, காட்டுக் காளான் வாசனைகள் வரும்.

வாய் இழுப்பது ஒயின் கெட்டுப்போனதற்கு அடையாளமா?

இல்லை. திராட்சைத் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. அது நம் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழவழப்பு போய்விடுவதால் நாக்கும் கன்னமும் உலர்ந்து இழுப்பதுபோல் தோன்றும். பச்சை வாழைக்காயைக் கடித்தால் வாயில் என்ன நடக்குமோ அதேதான்.

சாப்பாட்டின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. கறித்துண்டு வாயில் இருக்கும்போது ஒயின் உள்ளே போனால், டானின் உங்கள் எச்சிலை விட்டுவிட்டு கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு நாக்கின் மேல் படிந்து துவர்ப்பைத் தணிக்கும். உப்பு கசப்பை அடக்கும். கூடவே ஒயினின் புளிப்பு கொழுப்பை அறுத்து வாயைத் துடைத்துவிடும். அடுத்த வாய்க்கு நாக்கு தயார். இந்த ஏற்பாட்டில் ஒயினுக்குச் சாப்பாடு எவ்வளவு தேவையோ, சாப்பாட்டுக்கும் ஒயின் அவ்வளவு தேவை.

பைராடா ஒயினுக்கு முன்பு நல்ல பெயர் இல்லை என்கிறார்களே?

உண்மைதான், அதற்கு நீண்ட கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் போர்ட் ஒயின் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி நல்ல பணம் பார்த்தது. நிறத்துக்காகப் பைராடாவின் கருத்த ஒயினை அதில் கலக்கும் பழக்கமும் இருந்தது. அரசின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த பொம்பால் பிரபு 1756இல், போர்ட்டுக்கான திராட்சை விளையும் டூரோ பள்ளத்தாக்கின் எல்லையை வரையறுத்து போர்ட்டுக்குக் காவல் போட்டார். அந்தக் காவலின் ஒரு பகுதியாக பைராடாவின் கொடிகளைப் பிடுங்கி எறிய உத்தரவு வந்தது. ஒரு வட்டாரத்தின் பெயரைக் காப்பாற்ற இன்னொரு வட்டாரத்தின் வயிற்றில் அடித்தார்கள். பைராடா அதிலிருந்து எழுந்து வர வெகுகாலம் ஆனது.

20ஆம் நூற்றாண்டில் வேறு விதமான தேக்கம். 1942இல் தொடங்கிய மத்தேயுஸ் ரோஸே உலகமெங்கும் விற்றது. குடுவை மாதிரி தட்டையான பாட்டிலில் வரும் அந்த இளஞ்சிவப்பு ஒயினை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பாகா பெருமளவில் போனது. ரோஸேக்குப் பழம் முழுதாகப் பழுக்க வேண்டியதில்லை, எடை வந்தால் போதும். இன்னொரு பக்கம், ரெட் ஒயின் செய்தவர்கள் காம்பைக்கூடப் பிரிக்காமல் முழுக் கொத்தாகப் போட்டு நொதிக்கவைத்தார்கள். பழுக்காத பழத்தோடு பச்சைக் காம்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? பத்து வருடம் வைத்தாலும் கடுமை குறையாத ஒயின்தான் பல இடங்களில் கிடைத்தது.

அப்புறம் எது மாறியது?

இதில் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: லூயிஸ் பாட்டோ. வேதிப் பொறியியல் படித்தவர், 1980களில் குடும்பத் தோட்டத்தை எடுத்து நடத்தத் தொடங்கியவர். காம்பைப் பிரித்துவிட்டு நொதிக்கவைத்தார். கோடையின் நடுவிலேயே கொத்துகளைக் குறைத்தார். கொடியில் பாதிச் சுமை போனதும் மீதிப் பழம் சீக்கிரம் பழுத்தது, மழைக்கு முன்னால் பறிக்க முடிந்தது. பழைய விவசாயிகளுக்கு இது விளைந்ததை வீணாக்குவதாகத் தோன்றியது. அவரோ முன்னால் பறித்த புளிப்புப் பழத்தை நுரைக்கும் ஸ்பார்க்லிங் ஒயினுக்குப் பயன்படுத்திக்கொண்டார். எதுவும் வீண்போகவில்லை.

மணல் நிலத்தில் ஒட்டுக்கட்டாத பாகா கொடிகளை நட்டு, பே ஃபிரான்கோ என்ற பெயரில் அவர் செய்யும் ஒயின் மிகக் குறைவாகவே வரும், விலையும் அதிகம். வட்டாரத்தின் விதிகளோடு ஒத்துப்போகாமல், பல வருடங்கள் தன் பாட்டில்களில் பைராடா என்ற பெயரே போடாமல் விற்றார்.

காம்பைப் பிரிப்பதுதான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். கின்டா தஸ் பாஜெய்ராஸ், சிடோனியோ டி சோசா போன்ற தோட்டங்கள் பழைய முறையில், திறந்த தொட்டியில், பெரிய பழைய மரப்பீப்பாயில் செய்து அற்புதமான ஒயின் தருகின்றன. பழம் நன்றாகப் பழுத்திருந்தால் பழைய முறையிலும் குறை இல்லை.

சரி, எந்தச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

லெய்த்தாவ். அதாவது முழுதாகச் சுட்ட பால்குடிப் பன்றிக்குட்டி. பைராடாவின் அடையாளமே இதுதான். மியல்யாடா ஊரில் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இதற்கான உணவகங்கள்தான். லிஸ்பனுக்கும் போர்டோவுக்கும் நடுவில் வண்டியில் போகிறவர்கள் இங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

குட்டிக்கு வயது ஒன்று, ஒன்றரை மாதம். பூண்டு, உப்பு, மிளகு, பன்றிக்கொழுப்பு, பிரிஞ்சி இலை இவற்றை இடித்து விழுதாக்கி வயிற்றுக்குள் நிறையப் பூசுவார்கள். மிளகு தாராளமாக விழும். வயிற்றைத் தைத்து, நீளமான கம்பில் கோத்து, விறகு எரித்துச் சூடேற்றிய செங்கல் அடுப்புக்குள் விட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். சுமார் இரண்டு மணி நேரம். நடுவில் ஒருமுறை வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடி சூட்டுக்குள் தள்ளுவார்கள். தோல் மொறுமொறுப்பாவது இந்த இடைவெளியால்தான். வேகும்போது மேலே வெள்ளை ஒயின் தெளிப்பதும் உண்டு.

தட்டில் வரும்போது தோல் தேன் நிறத்தில், கண்ணாடிச் சில்லுபோல் இருக்கும். கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்கும். அதற்குக் கீழே மெல்லிய கொழுப்பு, அதற்கும் கீழே குழைந்த வெள்ளைக்கறி, அடியில் மிளகும் பூண்டும் ஊறிய சாறு. பக்கத்தில் ஆரஞ்சு வட்டங்கள், உருளைக்கிழங்கு வறுவல், பச்சை சாலட். தோலை ஒரு கடி கடித்து, மென்று முடிப்பதற்குள் பாகாவை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். கொழுப்பு திகட்டாது, ஒயின் இழுக்காது. மிளகின் வாசனை ஒயினில் ஏறும், ஒயினின் செர்ரிப் புளிப்பு கறியில் இறங்கும். தட்டில் ஆரஞ்சு எதற்காக வைத்திருக்கிறார்களோ, அதே வேலையை ஒயின் இன்னும் நன்றாகச் செய்கிறது.

ஐந்தாறு வருடம் ஆன பாகா இதற்குச் சரியாக இருக்கும். மிகப் பழைய, மென்மையான பாட்டிலை லெய்த்தாவோடு திறக்காதீர்கள். பூண்டும் மிளகும் அதை அமுக்கிவிடும்.

அங்கே உள்ளூர்க்காரர்கள் லெய்த்தாவோடு ஸ்பார்க்லிங் குடிப்பதாகக் கேள்விப்பட்டேனே?

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். மியல்யாடாவில் பல மேசைகளில் நுரைக்கும் பாட்டில்தான் நிற்கும். பைராடாவில் 1890இலேயே, அனாடியாவில் இருந்த திராட்சை வளர்ப்புப் பள்ளியில் ஸ்பார்க்லிங் ஒயின் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இன்று போர்ச்சுகலில் அந்த வகைக்குப் பெயர்போன இடமே இதுதான். வெள்ளை, இளஞ்சிவப்பு மட்டுமல்ல, பாகாவில் செய்த சிவப்பு ஸ்பார்க்லிங்கும் உண்டு. குளிரவைத்த சிவப்பு ஒயின், அதில் நுரை, கூடவே லேசான துவர்ப்பு. வெளியூர்க்காரர்களுக்கு முதலில் விசித்திரமாக இருக்கும். கொழுப்பான பன்றிக்கறியோடு அது பொருந்தும் விதத்தைப் பார்த்தபின் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்குப் பிடித்த வழி, தோலுக்கும் முதல் துண்டுகளுக்கும் நுரை, சாறு ஊறிய விலாக்கறிக்கு வந்ததும் ரெட். இரண்டும் ஒரே திராட்சைதானே.

ஷான்ஃபானா என்று ஒரு கறி சொல்கிறார்களே, அது என்ன?

கொயிம்ப்ராவுக்குத் தென்கிழக்கே மிராண்டா டு கோர்வு, வில நோவா டி பொயாரெஸ், லோசாங் பக்கத்து மலையூர்களின் உணவு. வயதான ஆட்டின் கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, கறுப்பு மண்சட்டியில் போட்டு, பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகாய்த்தூள், கொழுப்பு சேர்த்து, கறி மூழ்கும்வரை ரெட் ஒயின் ஊற்றி, விறகு அடுப்பில் மணிக்கணக்காக விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அவர்கள் போடும் மிளகாய்த்தூள் நிறத்துக்கும் வாசனைக்கும் உரியது, காரம் இருக்காது.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1810இல் நெப்போலியனின் படை இந்த வழியாக வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று புசாக்கோ மலையில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் அவர்களை எதிர்த்து நின்றார். எதிரிகள் வரும் வழியில் இருந்த தண்ணீரில் உள்ளூர்க்காரர்கள் நஞ்சு கலந்துவிட்டார்கள், அதனால் செமிடே மடத்துக் கன்னியாஸ்திரிகள் ஆட்டை ஒயினிலேயே வேகவைத்தார்கள் என்பது கதை. பால் வற்றிய கிழட்டு ஆட்டை வீணாக்காமல் சாப்பிட வேறு வழி இல்லாத ஏழைக் குடியானவர்களின் சமையல் இது என்ற விளக்கம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. கடினமான கறியைப் புளிப்பான, துவர்ப்பான ஒயின் மெல்ல மெல்ல இளக்கிவிடும்.

ஷான்ஃபானாவோடு பத்து வருடத்துக்கு மேல் ஆன பாகா குடிக்க வேண்டும். சட்டிக்குள் ஒயினே குழம்பாக இருப்பதால் கிளாஸில் இருப்பதும் அதோடு உடனே சேர்ந்துகொள்ளும். வேகவைத்த உருளைக்கிழங்கும் கீரையும் தொட்டுக்கொள்ள.

மீனோடு ரெட் ஒயின் குடிக்கக் கூடாது என்பார்களே?

போர்ச்சுகலில் அந்த விதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உப்பிட்டு உலர்த்திய காட் மீனான பாக்கல்யாவை ஊறவைத்து, நிறைய ஆலிவ் எண்ணெயும் பூண்டும் விட்டு அடுப்பில் சுட்டால், அதோடு ரெட் ஒயின் சகஜமாகக் குடிப்பார்கள். கெட்டியான சதை, உப்பு, எண்ணெய் எல்லாம் இருப்பதால் தாங்கும். இதற்கு லேசான, காம்புக் கடுமை இல்லாத பாகா எடுங்கள்.

இன்னொன்று லாம்ப்ரே. மீன் என்றே பொதுவாகச் சொன்னாலும் தாடையே இல்லாத, விலாங்கு மாதிரி நீண்ட உயிரினம் அது. குளிர்காலக் கடைசியில் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும். மொன்டேகு ஆற்றங்கரையில் இருக்கும் பெனகோவா ஊர் இதற்குப் பெயர்போனது. அதன் ரத்தத்தோடும் ரெட் ஒயினோடும் சேர்த்து ஊறவைத்து, கருத்த குழம்பாகச் சமைத்து, சோற்றோடு கலந்து பரிமாறுவார்கள். இதற்கு வெள்ளை ஒயின் எடுபடவே எடுபடாது. பாகாவின் புளிப்புதான் சரி.

வெறுமனே வேகவைத்த வெள்ளை மீன், சிப்பி, இறால் இவற்றோடு மட்டும் வேண்டாம். ரெட் ஒயினும் கடல் மீனின் எண்ணெயும் சேர்ந்து நாக்கில் இரும்புச் சுவை தட்டும்.

சீஸ்?

கெட்டியான, வயதான ஆட்டுப்பால், செம்மறிப்பால் சீஸ் நன்றாகப் பொருந்தும். கொயிம்ப்ராவுக்குத் தெற்கே செய்யும் ரபசால் சீஸ் கொஞ்சம் காய்ந்ததாகக் கிடைத்தால் அருமை. கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் மென்மையான செர்ரா ட எஸ்ட்ரேலாவோடு இளம் பாகா சண்டை போடும். அதற்கு வெள்ளை ஒயினே மேல்.

நான் சைவம். எனக்கு இந்த ஒயின் பயன்படுமா?

பயன்படும். துவர்ப்பை அடக்கக் கொழுப்பும் உப்பும் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு நன்றாகச் சிவக்க வதக்கிய காளான், சுட்ட கத்தரிக்காய், வெண்ணெய் போட்ட பயறு, சோள ரொட்டியோடு வதக்கிய கீரை எல்லாம் ஒத்துப்போகும். காளான் முதலிடம், அதுவும் வயதான பாகாவோடு. தக்காளி மட்டும் தூக்கலாக இருக்கும் குழம்பு வேண்டாம், புளிப்போடு புளிப்பு மோதும்.

ஒயினே சைவமா என்று பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின், பால் புரதம், மீன் பசை இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. எல்லோரும் செய்வதில்லை. பாட்டிலில் 'வீகன்' என்று போட்டிருந்தால் கவலை இல்லை.

காரமான சாப்பாட்டோடு குடிக்கலாமா?

அழுத்தமான பாகாவோடு வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பு அதை இன்னும் கடுமையாக்கும். ஒயினில் இருக்கும் பழச்சுவை எங்கே போனதென்றே தெரியாது. மிளகுக் காரம் வேறு, அதைப் பாகா நன்றாகத் தாங்கும் என்பதற்கு லெய்த்தாவே சாட்சி.

இதில் இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள ஒரு உணவு இருக்கிறது. பன்றிக்கறியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைப்பது போர்ச்சுகீசியர்களின் பழைய வழக்கம். மதேரா தீவில் இன்றும் கிறிஸ்துமஸுக்கு அதுதான். அவர்கள் கோவாவுக்கு வந்தபோது அந்தச் சமையலும் வந்தது. இங்கே ஒயினுக்குப் பதில் கள்ளில் செய்த காடி சேர்ந்தது, அவர்களே கடல் தாண்டிக் கொண்டுவந்த மிளகாய் சேர்ந்தது. அதுதான் விண்டாலு. கோவா விண்டாலுவோடு ஏதாவது குடித்தே ஆகவேண்டும் என்றால், குளிரவைத்த சிவப்பு ஸ்பார்க்லிங் பாகாவைத் தேடுங்கள். இல்லையென்றால் ஆல்கஹால் 12 சதவீதத்துக்கு மேல் போகாத, லேசான பாகாவை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். காடியின் புளிப்புக்குப் பாகாவின் புளிப்பு ஈடுகொடுக்கும், வேறு பல ரெட் ஒயின்கள் அங்கே சப்பென்று ஆகிவிடும்.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படிப் புரிந்துகொள்வது?

டிண்டோ என்றால் சிவப்பு. பிராங்கோ வெள்ளை. எஷ்புமான்டே நுரைப்பது. வின்யாஸ் வெல்யாஸ் என்றிருந்தால் பழைய கொடிகளின் பழம், ஆனால் எத்தனை வயது என்று அது சொல்லாது. கராஃபெய்ரா என்று கண்டால் நின்று பாருங்கள். குறைந்தது 30 மாதம் பழக்கி, அதில் 12 மாதமாவது பாட்டிலில் வைத்திருந்து விற்கும் ரெட் ஒயின் அது.

முக்கியமான எச்சரிக்கை: பைராடா என்று போட்டிருந்தாலே பாகா என்று நினைக்காதீர்கள். 2003இல் விதிகளைத் தளர்த்திய பிறகு கபர்னே சோவின்யோன், மெர்லோ, சிரா போன்ற வேறு திராட்சைகளின் ஒயினும் பைராடா பெயரில் வரலாம். கிளாசிகோ என்று சேர்த்துப் போட்டிருந்தால் குறைந்தது பாதியாவது பாகா இருக்கும். அதைவிட நல்லது, பின்பக்க லேபிளில் பாகா என்ற பெயரையே தேடுவது. பெய்ரா அட்லான்டிகோ என்ற பெயரில் வரும் பாட்டிலும் இதே பக்கத்து ஒயின்தான், விதிகள் கொஞ்சம் தளர்வு.

யாருடைய ஒயினில் தொடங்கலாம்?

மிரட்டாத பாகா வேண்டுமென்றால் லூயிஸ் பாட்டோவின் மகள் பிலிப்பா பாட்டோவும் கணவர் வில்லியம் வௌட்டர்ஸும் செய்வதில் தொடங்குங்கள். வௌட்டர்ஸ் பெல்ஜியத்துக்காரர், உணவக உலகத்திலிருந்து வந்தவர். சாப்பாட்டை நினைத்தே செய்த ஒயின் என்பது குடிக்கும்போது தெரியும். டூரோவில் போர்ட் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த டிர்க் நீப்போர்ட் 2012இல் கின்டா டி பைஷோ தோட்டத்தை வாங்கி, பொயிரின்யோ என்ற பெயரில் மெல்லிய, வெளிர்நிற பாகா செய்கிறார். பாகா இவ்வளவு இலகுவாகவும் இருக்குமா என்று தோன்றும். கொஞ்சம் பழகிய பின் பாஜெய்ராஸின் கராஃபெய்ரா. விலை குறைவாகப் போதும் என்றால் 1954இல் தொடங்கிய கன்டன்யேடு கூட்டுறவுச் சங்கத்தின் பாட்டில்களே தாராளம்.

வயதான ஒயின் ஆசை இருப்பவர்கள் காவெஸ் சாவ் ஜோவாவ் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1920இல் தொடங்கிய நிறுவனம், நிலவறையில் பல பத்தாண்டுப் பாட்டில்களைச் சேர்த்துவைத்தது. புசாக்கோ காட்டுக்குள் இருக்கும் அரண்மனை ஹோட்டலின் ஒயினும் தனி ரகம். பைராடாவின் பாகாவையும் பக்கத்து டாவ் வட்டாரத்தின் டூரிகா நசியோனல் திராட்சையையும் கலந்து செய்வார்கள்.

எத்தனை வருடம் வைக்கலாம்?

லேசான வகை இரண்டு மூன்று வருடத்திலேயே குடிக்கத் தயார். பழைய முறையில் செய்த நல்ல பாட்டில் பத்து வருடத்தில்தான் வாய் திறக்கும், இருபது முப்பது வருடம்வரை தாராளமாக நிற்கும். புளிப்பும் டானினும் இரண்டும் அதிகம் என்பதால் ஒயின் சீக்கிரம் தளராது. ஆனால் இருட்டு, 12 முதல் 15 டிகிரி சூடு, பாட்டில் படுத்த நிலை இவை மூன்றும் வேண்டும். நம் வீட்டு அலமாரியில், மே மாத வெயிலில் வைத்துவிட்டு இருபது வருடக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அப்படியானால் வாங்கிய சில மாதங்களிலேயே குடித்துவிடுங்கள்.

எந்தச் சூட்டில், எப்படி ஊற்றுவது?

அறைச் சூட்டில் என்று ரெட் ஒயினுக்குச் சொல்வது ஐரோப்பியக் குளிர்வீடுகளுக்கு. 30 டிகிரி அறையில் பாகாவைத் திறந்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், துவர்ப்பு தனித்துத் துருத்தும். 16 முதல் 18 டிகிரி நல்லது, லேசான வகைக்கு 14 போதும். குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாக வரும். ரொம்பவும் குளிர்ந்தாலும் துவர்ப்பு கூடும், அதனால் மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

இளம் பாகாவை வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட வையுங்கள். சுள்ளென்று இருந்தது கொஞ்சம் இளகும்.

பழைய பாட்டிலுக்கு வேறு மாதிரி. முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட்டால் கசடு அடியில் தங்கும். கார்க் நைந்துபோயிருக்கும், மெதுவாக இழுக்க வேண்டும். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வைத்துக்கொண்டு, ஒரே சீராக, நிறுத்தாமல் குடுவைக்குள் ஊற்றுங்கள். தெளிந்த செங்கல் நிறத்துக்கு நடுவில் கருப்பாக ஒரு இழை கழுத்தை நோக்கி நகரும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடியில் இரண்டு விரற்கடை போகும், போகட்டும். ஊற்றிய உடனேயே குடிக்கலாம், வயதான ஒயினுக்குக் காற்று அதிகம் ஆகாது.

பாகா கிடைக்கவில்லை. பதிலுக்கு எது?

குணத்தில் நெருக்கமானது இத்தாலியின் நெபியோலோ. அப்புறம் கிரீஸின் ஸினோமாவ்ரோ. இரண்டிலும் இதே புளிப்பும் துவர்ப்பும் உண்டு. போர்ச்சுகலுக்குள்ளேயே என்றால் டாவ் ரெட். அலென்டேஜோ ஒயின் நல்லதுதான், ஆனால் பழுத்து மென்மையாக இருப்பதால் லெய்த்தாவின் கொழுப்புக்கு முன் நிற்காது.

சமைக்க எந்த ஒயின்?

குடிக்கத் தகுந்த, விலை குறைந்த பாகா. பழைய பாட்டிலைச் சட்டியில் ஊற்றாதீர்கள், மணிக்கணக்கான கொதியில் அதன் வாசனை எல்லாம் ஆவியாகிவிடும். கெட்டுப்போன ஒயினும் வேண்டாம்.

மியல்யாடாவில் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?

குடித்தால் ஓட்டாதீர்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்பது அங்கே சட்ட எல்லை, சாப்பாட்டு உணவகங்கள் எல்லாம் நெடுஞ்சாலையில் இருப்பதால் சோதனையும் இருக்கும். லிஸ்பன், போர்டோ இரண்டு பக்கத்திலிருந்தும் ரயிலில் வரலாம், கொயிம்ப்ராவில் மாறி உள்ளூர் ரயில் பிடித்தால் மியல்யாடா. ஓட்டுபவருக்கு மலையடிவாரத்து லூசோ ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. லெய்த்தாவ், ஒயின், ரொட்டி, தண்ணீர் நான்கையும் சேர்த்துத்தான் மியல்யாடாக்காரர்கள் தங்கள் மேசையின் பெருமையாகச் சொல்கிறார்கள்.

பாதி பாட்டில் மீந்துவிட்டது. என்ன செய்வது?

கார்க்கைத் திருப்பி அழுத்தி மூடி, நிமிர்த்திய நிலையில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இளம் பாகா மூன்று நான்கு நாள் தாங்கும், இரண்டாம் நாள் முதல் நாளைவிடச் சுவையாக இருப்பதும் உண்டு. குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். இருபது வருடப் பாட்டில் என்றால் மிச்சம் வைக்காமல் அன்றே நான்கு பேரைக் கூப்பிட்டுத் திறப்பதுதான் சரி. ஸ்பார்க்லிங்குக்கு அதற்கென்றே விற்கும் இறுக்கமான மூடி வேண்டும், அதுவும் மறுநாள்வரைதான்.